முதலில் காணியைக் கொடுங்கோ, பிறகு தண்ணியை விடுங்கோ



போன மாதம் மெல்பேர்னில் ஈரநில மீட்பு பற்றிய ஒரு கூட்டம். பேசிய ஒருவர் சொன்னார்: "மனுசரை வெளியில எடுத்தாப் போதும், இயற்கை தானா வரும்." எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் வெட்கமாக இருந்தது. எங்கட சனத்துக்கு இந்தக் கதை புதிசே? 2009க்குப் பிறகு வன்னிக்குத் திரும்பிப் போன எத்தனையோ குடும்பங்கள், பற்றை மண்டிக் கிடந்த தங்கட காணிக்குள் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லைத்தானே கண்டன!

அந்தப் பேச்சு பொய் என்பதற்கு இதே விக்டோரியாவில் சாட்சி இருக்கிறது. மாநிலத்தின் தென்மேற்கில், பட்ஜ் பிம் எரிமலையின் குழம்பு இறுகிய நிலத்தில், குந்திச்மாரா மக்கள் கல்லை அடுக்கி, வாய்க்கால் வெட்டி, அணை கட்டி, பறி வைத்து விலாங்கு வளர்த்தார்கள். ஒரு வாய்க்காலின் மண்ணுக்குள் கிடைத்த கரித்துண்டுகளைக் காலக்கணிப்புச் செய்தபோது 6,600 ஆண்டுப் பழமை தெரிந்தது. பிறகு வந்த குடியேறிகள் ஆடு, மாடு மேய்க்க நிலத்தைப் பறித்தார்கள். 1840களில் யூமரல்லா போரில் மக்களைக் கொன்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி 1950கள் வரை வடிகால் வெட்டி கொண்டா ஏரியைக் காய வைத்தார்கள். மனுசரை வெளியேற்றினார்கள், இயற்கை வரவில்லை, ஏரியும் போனது.

அந்த ஏரியை மீட்க விஞ்ஞானம் வேண்டும். அந்த விலாங்கு முட்டையிடப் பவளக்கடல் பக்கம் போகிறது. குஞ்சுகள் கடல் நீரோட்டத்தோடு வந்து ஆறு ஏறுகின்றன. ஆற்றுக்கும் ஏரிக்கும் தொடுப்பு அறுந்தால் விலாங்கு இல்லை. இது சூழலியல் சொல்வது. ஆனால் தண்ணியை எந்த மட்டத்துக்கு ஏற்றுவது? அதற்குக் கல் வாய்க்கால்களைத்தான் கேட்க வேண்டும். வெவ்வேறு உயரத்தில் கட்டிய பொறிகள், வெவ்வேறு நீர்மட்டத்தில் வேலை செய்தவை. ஏரியின் பழைய அளவுகோல் அந்தக் கற்கள்தான். அதை வாசிக்கிற அறிவை, இவ்வளவு அழிவுக்குப் பிறகும், அந்த மக்கள் விட்டுவிடவில்லை.

"விஞ்ஞானமும் பண்பாட்டு வரலாறும் கைகோத்தன" என்று சொல்லி எங்கட விரிவுரைகள் இதோடு முடிந்துவிடும். நான் கோபப்படுவது இந்த இடத்தில்தான். கைகோக்க முதல் ஒரு சண்டை நடந்தது. போர்ட்லண்டில் அல்கோவா நிறுவனத்தின் அலுமினிய ஆலைக்கு எதிராக இரண்டு குந்திச்மாரா பெண்கள் வழக்குப் போட்டார்கள். வழக்குப் போட உனக்கு என்ன உரிமை என்று கேட்டவர்களுக்கு, உரிமை உண்டு என்று 1981இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் பதில் சொன்னது. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1987இல் பழைய மிஷன் காணி சட்டத்தின் மூலம் திரும்பியது. 2007இல் பூர்வீக உரித்து ஏற்கப்பட்டது. 2008இல் ஏரி கைக்கு வந்தது. 2010இல் தடுப்பணை கட்டித் தண்ணி நின்றது. 2019இல்தான் யுனெஸ்கோ வந்து உலக மரபுரிமை என்றது. வரிசையைப் பாருங்கோ: முதலில் காணி, பிறகு தண்ணி, கடைசியில் கைதட்டல்.

வரிசையை மாற்றினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். குருந்தூர்மலையில் வயல் காணியை மறிப்பது விஞ்ஞானமில்லை, தொல்லியல். அதுவும் "பண்பாட்டு வரலாறு"தான்! ஆகவே வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் உருகாதீர்கள். "காடு" என்று சொல்லியும் பறிக்கலாம், "மரபு" என்று சொல்லியும் பறிக்கலாம். அந்த மண்ணில் வாழ்ந்த சனத்தின் கையில் முடிவு இல்லையென்றால், இரண்டும் ஒரே எல்லைக்கல்தான்.

விஞ்ஞானத்துக்குள் அரசியலைக் கொண்டுவராதே என்பார்கள். வடிகால் வெட்டினதும் அளந்து, படம் வரைந்து, பொறியியலோடுதானே? அரசியல் அப்போதே உள்ளே வந்துவிட்டது.

பறித்த நிலத்தில்தான் நாங்களும் இங்கே வாடகை கட்டி இருக்கிறோம். அடுத்த சனிக்கிழமை ஏதாவது ஓடைக்கரையில் மரம் நட யாரும் கூப்பிட்டால் போங்கோ. ஆனால் மண்வெட்டியைத் தூக்க முதல் ஒரு கேள்வி கேளுங்கோ: இந்தக் காணி யாற்ற பேரில இருக்கு? பதில் வராட்டி, அண்டைக்கு எங்கட வேலை மரம் நடுறது மட்டும் இல்லை.