கோவண்டியின் தட்டம்மைக்குத் தடுப்பூசி ஒன்றே வேலி

2022 இறுதியில் மும்பை கோவண்டியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, நெரிசலும் பெற்றோரின் தயக்கமுமே காரணம் என்று பலரும் சொன்னார்கள். நெரிசல் உண்மைதான். ஆனால் எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும் இந்த வேகத்தின் வேர் நம் செல்களிலேயே இருக்கிறது. அதை அறிந்தவர்கள், தடுப்பூசியைச் சந்து சந்தாகக் கொண்டுபோவதைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் நெருங்கி நிற்கும் செல்களைக் கோத்து வைப்பவற்றுள் ஒன்று நெக்டின்-4 என்ற புரதம். அதன் தலை செல் சவ்வுக்கு வெளியே நீண்டு பக்கத்துச் செல்லைப் பிடிக்கிறது. வால் உள்ளே அஃபாடின் என்ற புரதத்தைப் பற்ற, அஃபாடின் அதைச் செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் இழைகளோடு பிணைக்கிறது. மூச்சில் நுழையும் தட்டம்மை வைரஸ் முதலில் நோயெதிர்ப்புச் செல்களில் ஏறி உடலெங்கும் பரவுகிறது. பிறகு மூச்சுக்குழாய்ச் சுவரை உட்புறமாக வந்தடைந்து, இதே நெக்டின்-4ஐப் பிடித்துச் செல்லுக்குள் புகுந்து பெருகி, இருமலோடு வெளியேறுகிறது. நெக்டின்-4இன் இந்தப் பங்கு 2011இல் தெரியவந்தது. அந்தப் புரதத்தை மருந்தால் அடைத்துவிடலாமே என்று கேட்கலாம். நெக்டின்-4 மரபணுக் கோளாறோடு பிறக்கும் குழந்தைகளுக்குத் தலைமுடி அடர்ந்து வளராது, விரல்கள் ஒட்டியிருக்கும். உடலுக்கு அவ்வளவு வேண்டிய கொக்கியை யோசிக்காமல் அடைக்க முடியாது. தட்டம்மைக்கென்று தனி வைரஸ் எதிர்ப்பு மருந்தும் இன்றுவரை வழக்கில் இல்லை. வைரஸ் வருமுன்பே உடல் தயாராக இருப்பதுதான் வழி.

தடுப்பூசி இலவசம், வராதது பெற்றோர் தவறு என்பார்கள். 9 மாதம் முடிந்ததும் ஒரு டோஸ், 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று என்பது கணக்கு. தினக்கூலியை இழந்து வரிசையில் நிற்க வேண்டிய தாய்க்கும், வாடகை தாளாமல் வீடு மாறும் குடும்பத்துக்கும் அந்த இரண்டாம் டோஸின் தேதி எளிதில் தவறிப்போகும். முதலில் சத்துணவும் வீடும் கொடுங்கள் என்பவர்களின் கோரிக்கை நியாயமானது. ஆனால் அவை கிடைக்க ஆண்டுகள் ஆகும், வைரஸ் காத்திருக்காது. 95 சதவீதக் குழந்தைகளுக்கு இரண்டு டோஸும் போய்ச் சேர்ந்தால்தான் பரவல் நிற்கும். ஆகவே மாநகராட்சி மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் முகாம் நடத்த வேண்டும். தயங்கும் தாயிடம் அவர் மொழியிலேயே பேசும் சுகாதாரப் பணியாளரை அனுப்ப வேண்டும். விடுபட்ட குழந்தைகளின் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்க வேண்டும். அடுத்த பரவலுக்குப் பிறகு ஆய்வுக் குழு அனுப்புவதைவிட இது மலிவு, குழந்தைகளும் பிழைப்பார்கள்.