ரெகொபெயாமுக்கு 41 வயசு

நம்ம கேம்பஸ்ல 'முட்டாள்'னா என்ன அர்த்தம்? மார்க் கம்மி, அரியர் ஜாஸ்தி. பைபிள் இந்தக் கணக்கை ஒத்துக்கிறதில்லை. நீதிமொழிகளைப் படிச்சுப் பாருங்க. அங்கே மூடன்னா பெரும்பாலும் படிப்பு வராதவன் இல்லை, திருத்தினால் எரிச்சல்படுறவன். ஞானி, சொன்னா காது கொடுக்கிறவன்.

இதுக்கு சரியான உதாரணம் 1 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தில் இருக்கு. சாலொமோன் ராஜா இறந்ததும் மகன் ரெகொபெயாம் முடிசூட சீகேமுக்குப் போறான். "உங்க அப்பா வச்ச சுமை தாங்கல, கொஞ்சம் குறைங்க" என்று ஜனங்கள் கேட்கிறாங்க. அவன் மூணு நாள் டைம் கேட்கிறான். அப்பாவிடம் இருந்த பெரியவர்கள், "தணிஞ்சு போங்க, காலத்துக்கும் கூட இருப்பாங்க" என்கிறார்கள். கூட வளர்ந்த நண்பர்களோ, "இன்னும் ஏத்துங்க" என்கிறார்கள். அவன் நண்பர்கள் பேச்சைக் கேட்டான். 12 கோத்திரத்தில் 10 கைவிட்டுப் போச்சு.

'சின்னப் பசங்க பேச்சைக் கேட்டுக் கெட்டான்' என்று இதைச் சுலபமா முடிச்சிடுவாங்க. ஆனா அப்போ அவனுக்கு வயசு 41! கூட வளர்ந்தவங்களும் கிட்டத்தட்ட அந்த வயசுதான். ஆலோசனை கேட்கலைன்னும் சொல்ல முடியாது. ரெண்டு பக்கமும் கேட்டான், யோசிக்க நேரமும் எடுத்தான். கடைசியில், தன் கெத்துக்கு எது ஒத்துப்போச்சோ அதை எடுத்துக்கிட்டான். அவன் அப்பா கடவுளிடம் பணமோ நீண்ட ஆயுளோ கேட்கலை, ஞானமுள்ள இருதயம் கேட்டார். எபிரெயத்தில் அந்தச் சொல்லுக்கு 'கேட்கிற இருதயம்' என்று அர்த்தம். அதுதான் மகனிடம் இல்லை.

நானும் ரெகொபெயாமா இருந்திருக்கேன். மினி புராஜெக்ட் அப்போ லேப் அண்ணா ஒருத்தர், "மோட்டாருக்கும் போர்டுக்கும் சப்ளையைத் தனித்தனியா குடுங்கப்பா"ன்னு சொன்னார். எங்க கேங், "அவர் கெடக்கிறார் மச்சி, ஓடுது பாரு"ன்னுச்சு. ரிவ்யூ அன்னிக்கு மோட்டார் சுத்தும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆச்சு. எனக்குத் தெரியாம நடந்த தப்பு இல்லை அது. சொல்லியும் கேட்காததால நடந்தது.

பெரியவங்க சொன்னா எல்லாம் சரின்னு நான் சொல்லலை. சீனியர் தப்பான ரூட்டும் காட்டுவார். ஆனா ஒரு யோசனை நமக்கு ரொம்பப் பிடிச்சிருந்தா, அது சரியா இருக்கிறதால பிடிச்சிருக்கா, நம்மைத் தூக்கி வைக்கிறதால பிடிச்சிருக்கான்னு ஒரு தடவை கேட்டுக்கலாம். நம்ம கேங்ல "டேய், இது தப்பு"ன்னு சொல்ற ஒருத்தன் இருந்தா, அவனை குரூப்பை விட்டுத் தூக்கிடாதீங்க!