கல்லும் கைத்திறனும்

ஆர்மீனியா மலைகள் சூழ்ந்த சிறிய நாடு. அந்நாட்டின் செவான் ஏரிக்கரை அருகே நொராதுஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரின் பழைய இடுகாட்டில் சிலுவை செதுக்கிய கற்கள் எண்ணூறுக்கும் மேல் நிற்கின்றன. இவற்றை ஆர்மீனியர் ‘கச்கார்’ என்பர். ‘கச்’ என்றால் சிலுவை. ‘கார்’ என்றால் கல். இவற்றுள் பழமையானவை 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அருகிலுள்ள கல்லறைகள் சிலவற்றில் உழவும் திருமண விருந்தும் செதுக்கப்பட்டுள்ளன. எளிய மக்களின் வாழ்வும் வரலாறே என்பதை அவை உணர்த்துகின்றன.

இக்கற்களைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. முன்னொரு காலத்தில் பகைவர் படை ஊரை நெருங்கியது. ஊரார் கற்களுக்குப் போர்வை போர்த்தித் தலைக்கவசம் அணிவித்தனர். தொலைவிலிருந்து கண்ட பகைவர், பெரும்படை நிற்பதாக எண்ணி அஞ்சித் திரும்பினர்.

ஊரைக் காத்த கற்களை இன்று யார் காப்பது? வேலியிட்டால் போதும் எனச் சிலர் கருதலாம். அது போதாது. வேலி மனிதரைத் தடுக்கும். மழையையும் பனியையும் தடுக்காது. கல் மெல்லத் தேயும். அதைச் செதுக்கும் திறன் தேயக் கூடாது. 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது, கச்கார் செதுக்கும் கலையையே ஆகும். அக்கலை தந்தையிடமிருந்து மகனுக்கும், ஆசானிடமிருந்து மாணவனுக்கும் வழிவழியாக வருகிறது. ஒரு தலைமுறை கற்காமல் விட்டால் அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க எவரும் இரார்.

மரபு என்பது பார்த்து வியப்பதற்கு மட்டும் உரியதன்று; பழகிக் காப்பதற்கும் உரியது.