ராக்கரை மாற்றுமுன் அளந்து பாருங்கள்

அம்பாசிடர் கார் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அதன் இன்ஜினைப் பிரித்துக் கட்டும் வேலை மட்டும் நிற்கவில்லை. காஞ்சிபுரம் மாவட்டம் இன்று இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளுக்குப் பேர்போனது. அங்கிருந்து வெளிவரும் ஹூண்டாய் கார்களில் கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே இருக்கிறது. அவற்றில் தொழில் பழகும் இளைஞருக்குப் புஷ் ராடும் ராக்கர் ஆர்மும் கொண்ட பழைய அமைப்பு கைக்கு வராமலே போகலாம். ஆனால் அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் பூட்டிய ஆஸ்டின் ஏ40, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1489 சிசி அம்பாசிடர், ஃபியட் 1100 ஆகிய எல்லாம் அந்த அமைப்பில் ஓடியவைதான். இவற்றைப் புதுப்பிப்பவர்களிடம், விகிதம் கூடிய ராக்கரைப் போட்டால் இழுவை கூடும் என்ற ஆசை இருக்கிறது. இருக்கும் விகிதத்தையும் கேமின் தேய்மானத்தையும் அளக்காமல் ராக்கரில் கை வைப்பது வீண்செலவு. சில நேரம் இன்ஜினுக்கே கேடு.

ராக்கர் ஆர்ம் வயல்காட்டு ஏற்றத்தைப் போன்ற நெம்புகோல். நடுவிலுள்ள தண்டிலிருந்து வால்வு முனைக்கு உள்ள தூரத்தை, புஷ் ராடு முனைக்கு உள்ள தூரத்தால் வகுத்தால் கிடைப்பதே அதன் விகிதம். அம்பாசிடரின் மூலமான பிரிட்டிஷ் பிஎம்சி 'பி' வரிசை இன்ஜினில் இது ஏறத்தாழ 1.4. கணக்குக்காகக் கேம் 6 மி.மீ. தூக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். டேப்பட் இடைவெளியைக் கழிக்காமல் பார்த்தால் வால்வு 8.4 மி.மீ. திறக்கும், 1.5 விகித ராக்கர் போட்டால் 9 மி.மீ. திறக்கும். காற்று கூடுதலாக உள்ளே போகும் என்பது உண்மை. ஆனால் நெம்புகோல் எதையும் இலவசமாகத் தருவதில்லை. வால்வு அதே நேரத்துக்குள் அதிக தூரம் ஓடித் திரும்ப வேண்டும். கேம் மீது விழும் சுமையும் குறைந்தது 7 சதவீதம் ஏறும். ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டலாம், மேல் மூடி வால்வு கைடில் இடிக்கலாம், பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே உள்ள இடம் சுருங்கலாம்.

இனி, பல ஆண்டுகள் ஓடிய இன்ஜினுக்கு வருவோம். அதில் கேமின் மூக்கு 0.4 மி.மீ. தேய்ந்திருந்தால் அது தூக்கும் அளவு 5.6 மி.மீ. மட்டுமே. அதில் 1.5 ராக்கரைப் போட்டால் வால்வு திறப்பது 8.4 மி.மீ.; அதாவது, தேயாத கேமும் பழைய ராக்கரும் சேர்ந்து கொடுத்த அதே அளவு. பணம் கொடுத்து வாங்கிய 'கூடுதல் திறன்' இழந்ததை ஈடுகட்டியதோடு சரி. போதாக்குறைக்கு, ஏற்கெனவே தேய்ந்த கேம் மீது சுமை கூடிவிட்டது. எல்லா மூக்குகளும் ஒரே அளவில் தேயாததால் சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசமும் அப்படியே நிற்கும். ஹெட்டைச் சமன் செய்தாலும் வால்வு சீட்டை வெட்டினாலும் ராக்கர் நிற்கும் கோணம் மாறுகிறது. ராக்கரின் முனை வட்டப் பாதையில் நகர்வதால் கோணம் மாறும்போது உண்மையான விகிதமும் சற்று மாறும். பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பி இன்ஜினைக் கட்ட முடியாது.

அனுபவமுள்ள மெக்கானிக்குக் காதே போதும், அளக்க டயல் கேஜ் எதற்கு என்று கேட்கலாம். டேப்பட் சத்தத்தைக் காது கண்டுபிடிக்கும், அரை மி.மீ. குறைவாகத் திறக்கும் வால்வு சத்தம் போடாது. ஃபீலர் கேஜும் ஏமாற்றும். ராக்கர் முனையில் குழி விழுந்திருந்தால் தகடு குழியின் மேல் பாலம்போல் நிற்கும். உண்மையான இடைவெளி அது காட்டுவதைவிட அதிகம். மூலப் பாகம் கிடைக்காதபோது கிடைத்ததைத்தானே போட முடியும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. கிடைத்த பாகத்தின் விகிதம் தெரியாது என்பதாலேயே அதை அளப்பது இன்னும் அவசியமாகிறது. இன்றைய நெடுஞ்சாலை வேகத்துக்குப் பழைய திறன் போதாது என்பாரும் உண்டு. அப்படியானால் கேம், ஸ்பிரிங், கார்புரேட்டர், பிரேக் என எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். ராக்கரை மட்டும் மாற்றுவது குறுக்குவழி.

2021-இல் ஒன்றிய அரசு அறிவித்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் கெடாமல், பெரிய மாற்றங்களுக்கு உட்படாமல் இருக்கும் வாகனங்களே பழம்பெரும் வாகனங்களாகப் பதிவாகும். மூல அளவுகளைப் பதிந்து வைக்க இதுவும் ஒரு காரணம். வேலையும் பெரிதல்ல. டேப்பட் இடைவெளியை முழுதாக நீக்கி, புஷ் ராடு எழும் தூரத்தையும் வால்வு இறங்கும் தூரத்தையும் டயல் கேஜில் பார்த்து வகுத்தால் போதும். நான்கு சிலிண்டருக்கு எட்டு வால்வு, எட்டு விகிதம். உரிமையாளர் இந்தக் கணக்கைப் பில்லோடு கேட்டு வாங்க வேண்டும். ஐடிஐ பயிற்சியில் ஒரு பழைய இன்ஜினை வைத்து இதைக் கற்றுத்தர வேண்டும். எட்டு எண்களும் ஒத்துப்போய், கேமும் சரியாக இருந்தால் ராக்கரை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. ஒத்துப்போகாவிட்டால் எந்தப் பாகத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்பதை அந்தக் காகிதமே சொல்லிவிடும்.