பூஞ்சை செய்யும் வெள்ளியும் விற்கப்படும் பொதுத்துறையும்

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தானின் இரும்புக்குழல் ராக்கெட்டுகளைக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கவர்ந்து சென்றது. இங்கிலாந்தின் வூல்விச் ஆயுதச்சாலையில் அவை ஆராயப்பட்டு, காங்கிரீவ் ராக்கெட் எனப் புதுப்பெயர் பெற்றன. மைசூர்க் கைவினைஞரின் அறிவு ஏகாதிபத்தியத்தின் சொத்தானது. உற்பத்தி எவர் கையிலோ, அறிவின் பயனும் அவர் கையில்தான்.

அந்தப் பாடம் இன்றும் பொருந்துகிறது. மைசூர் வட்டாரத்தின் நஞ்சன்கூடு வாழையை அழிவின் விளிம்பிற்குத் தள்ளிய வாடல் நோய்க்குக் காரணம் பியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்னும் பூஞ்சை இனம். அதே இனத்துப் பூஞ்சையைக் கொண்டு, புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் வெள்ளி நானோ துகள்களை உருவாக்கினர். ஆய்வு 2003இல் வெளியானது. பூஞ்சை சுரக்கும் நொதிகள் கரைசலிலுள்ள வெள்ளி அயனிகளை 5 முதல் 15 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்குகின்றன. வெள்ளியோ பாக்டீரியாவின் செல் உறையைச் சிதைக்க வல்லது. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் மாண்டனர் என்பதை நினைத்தால், இதன் முக்கியத்துவம் புரியும்.

ஆயினும் ஆய்வகத் தட்டில் கிருமி சாவது வேறு. நோயாளி பிழைப்பது வேறு. நச்சுத்தன்மைச் சோதனை, மருத்துவப் பரிசோதனை, உற்பத்தி ஆகியவற்றை யார் மேற்கொள்வது?

சந்தை பார்த்துக்கொள்ளும் என்கின்றனர் தாராளமயவாதிகள். சந்தை என்ன செய்தது? லாபம் போதாதென்று நோவார்ட்டிஸ் 2018இல் ஆன்டிபயாடிக் ஆராய்ச்சியைக் கைவிட்டது. அதே ஆண்டில் புதிய ஆன்டிபயாடிக்கிற்கு அமெரிக்க அனுமதி பெற்ற அக்கேயோஜென் நிறுவனம் மறு ஆண்டே திவாலானது. வெள்ளித் துகள்களையோ சந்தை காலுறைக்கும் சலவை இயந்திரத்திற்கும் விளம்பரச் சரக்காக்கியது. வெள்ளிக்கும் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் தீக்காயப் பிரிவுகளில் 1970களிலேயே காணப்பட்டன என்ற எச்சரிக்கை அதன் காதில் விழவில்லை.

விடை அதே புனேயை ஒட்டிய பிம்பிரியில் இருக்கிறது. பூஞ்சையிலிருந்து பென்சிலின் தயாரித்து எளிய மக்களுக்கு வழங்கவே 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் அங்கு தொடங்கப்பட்டது. 2016 டிசம்பரில் மோடி அரசின் அமைச்சரவை அதனை விற்க முடிவெடுத்தது. சோவியத் உதவியுடன் வளர்ந்த ஐ.டி.பி.எல். நிறுவனத்தை மூடவும் முடிவெடுத்தது. பொது ஆய்வகம் கண்டறிகிறது. அதை மருந்தாக்க வேண்டிய பொது ஆலையை ஆட்சியாளர்கள் ஏலம் விடுகின்றனர். இதற்குப் பெயர் சுயசார்பாம்!

பொதுத்துறை மருந்து நிறுவனங்களை விற்பதைக் கைவிடு, அவற்றைப் புதுப்பித்துப் பொது ஆய்வகங்களோடு இணைத்திடு என்ற முழக்கம் தொழிற்சங்க மேடைகளோடு நின்றுவிடக் கூடாது. அது ஒவ்வொரு அரசு மருத்துவமனை வாயிலிலும் ஒலிக்க வேண்டும்.