அப்புக்குட்டியை ஞாபகம் இருக்கா?



‘கோமாளிகள்’ என்றொரு படம் வந்ததே, தெரியுமோ? வீட்டில் அறுபது தாண்டியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு முன்னால் சிரிப்பு வரும்.

1976இல் வந்த படம். எஸ். ராமதாஸ் எழுதியது. திரைக்கு வருமுன்பே ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்று இலங்கை வானொலியில் சக்கைபோடு போட்ட நாடகம். டிவி இல்லாத காலம். றேடியோ வைத்திருந்த வீட்டு விறாந்தையில் அயலட்டையும் வந்து குந்திவிடும்.

யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாக ராஜகோபால், முஸ்லிம் மரிக்காராக ராமதாஸ், சிங்கள உபாலியாகச் செல்வசேகரன், ஐயராக பி. எச். அப்துல் ஹமீட். கவனித்தீர்களா? ஐயர் பாஷை பேசியவர் முஸ்லிம். மரிக்காராகவும் உபாலியாகவும் கலக்கியவர்கள் தமிழர்கள். ஒருவர் பேச்சை மற்றவர் பேசிப் பகிடி விட, வீடுகள் சிரித்தன. இன்றைக்கு அப்படி ஒன்று எடுக்கட்டும் பார்ப்போம்!

அதே ஆண்டு மே மாதத்தில்தான் தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானமும் வந்தது. மேடையில் தனிநாட்டுப் பேச்சு, தியேட்டரில் இந்த நாலு பேரின் கூத்து. இரண்டுக்கும் கைதட்டியது ஒரே சனம்தான். இதில் முரண்பாடு எதுவும் அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

பெரிய கலைப்படைப்பு என்று சொல்லமாட்டேன். வானொலிக்காரர்களின் படம், வாய்தான் அதிகம். ஆனால் நம்மூர்ச் சில்லாலை தந்த சில்லையூர் செல்வராசனும் துணைவி கமலினியும் நடித்த படத்தை நம் பிள்ளைகள் பேர்கூடக் கேட்டதில்லை என்றால், அது யார் குறை?

1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது எத்தனையோ படங்களின் நெகட்டிவ்கள் சாம்பலாயின. மிஞ்சியதை இடப்பெயர்வுகள் தின்றன. மெக்சிக்கோவில் ஒரு பல்கலைக்கழகம் 1960இலேயே தன் நாட்டுப் பழைய படச்சுருள்களைச் சேர்த்துவைக்கத் தொடங்கிவிட்டது. நமக்கு வீட்டு அலுமாரிகள்தான் கதி.

ஆகவே ஒரு வேண்டுகோள். பழைய பாட்டுப் புத்தகம், தியேட்டர் நோட்டீஸ், வீடியோ கசெட் எது கிடந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தாத்தாவோ அம்மம்மாவோ அப்புக்குட்டி மாதிரிப் பேசிக் காட்டினால் போனில் பதிவு செய்யுங்கள். எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பத்திரமாக வைத்திருப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்