மலைக்கு முன் போட்டாதாங்



இந்த இதழின் பயணக் கட்டுரை உங்களை மியன்மாரின் போப்பா மலைக்கு அழைத்துப்போகிறது. பகானிலிருந்து தென்கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர். செங்குத்துப் பாறையின் தலையில் பொன் கோபுரங்கள் மின்னும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், கோயிலை எப்படிக் கட்டினார்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பாறை எப்படி வந்தது என்பது அதைவிடச் சுவையான சங்கதி. எரிமலையின் தொண்டைக்குள்ளேயே இறுகிப்போன குழம்பு அது. சுற்றியிருந்த இளகிய மண்ணும் சாம்பலும் காலப்போக்கில் கரைந்துபோக, அடைப்பு மட்டும் மிஞ்சி நிற்கிறது. பெயர் தவுங் கலாட்; கடல் மட்டத்திலிருந்து 737 மீட்டர், ஏற 777 படிகள். அருகே 1,518 மீட்டர் உயர்ந்திருப்பதுதான் பெரிய போப்பா. சுற்றுவட்டாரமே காய்ந்து கிடக்க, எரிமலை மண்ணும் ஊற்றுகளும் அங்கே மட்டும் காட்டைப் பச்சையாக வைத்திருக்கின்றன.

ஆனால் யாங்கோனில் இறங்கியதும் நேரே மலைக்கு ஓடாதீர்கள். முதலில் போட்டாதாங்.

ஆற்றோரத்துப் போட்டாதாங் பகோடா, புத்தரின் தலைமுடியோடு வந்த வணிகர்களை ஆயிரம் படைத்தலைவர்கள் நின்று வரவேற்ற இடம் என்பது ஐதிகம். 1943 நவம்பர் 8 அன்று குண்டுவீச்சில் தகர்ந்தது. இடிபாட்டை அகற்றியபோதுதான் உள்ளிருந்த பேழை கிடைத்தது. மறுபடி கட்டத் தொடங்கிய நாள் 1948 ஜனவரி 4, நாடு விடுதலை பெற்ற அதே நாள். பெரும்பாலான பகோடாக்கள் உள்ளே செங்கல் நிறைந்தவை. இதைக் கூடாகக் கட்டினார்கள். கண்ணாடிச் சில்லு பதித்த சுவர்களுக்கு நடுவே உள்ளேயே நடக்கலாம்.

நான் உங்களை அனுப்புவது அதற்காக அல்ல. வளாகத்திலேயே போ போ ஜி இருக்கிறார், காவல் தாத்தா. தேங்காயும் வாழைப்பழமும் வைத்த தட்டு, அவர் கையில் செருகிய பண நோட்டு, அவர் விரலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வேண்டுதல். நம்மவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அழகர்கோயிலுக்குப் போகிறவர், பதினெட்டாம்படிக் கருப்பைக் கும்பிடாமல் பெருமாளிடம் போவாரா?

மியன்மாரில் ‘நாட்’ எனப்படும் இத்தகைய காவல் தெய்வங்களின் வழிபாட்டுக்குத் தாய்வீடு போப்பா. மலையடிச் சந்நிதியில் 37 நாட் தெய்வங்களின் உருவங்கள். அரசர்களால் கொல்லப்பட்டவர்கள், அகாலமாய்ச் செத்தவர்கள் அவர்களில் அதிகம். மதுரை வீரனுக்கும் காத்தவராயனுக்கும் பக்கத்தில் உட்கார வைக்கலாம். பியட்டாவின் கதையைத்தான் பாருங்களேன். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய இந்திய முஸ்லிம் அவன் என்கிறது மரபுக் கதை. 11-ஆம் நூற்றாண்டில் அனவ்ரதா மன்னருக்காகப் போப்பாவிலிருந்து பகானுக்குப் பூக்கொண்டு ஓடியவன். மலையில் பூவை மட்டுமே உண்டு வாழ்ந்த மே வுன்னாவிடம் மனம் போயிற்று, பூ தாமதமாயிற்று, உயிரும் போயிற்று. அவர்களுடைய இரண்டு பிள்ளைகளை மன்னர் அரண்மனைக்குக் கொண்டுபோனார். பகோடா வேலைக்குத் தங்கள் பங்குச் செங்கலை வைக்கவில்லை என்று பின்னாளில் அவர்களும் கொல்லப்பட்டார்கள். துக்கத்தில் மாண்ட அந்தத் தாய்தான் இன்று போப்பா மேடோ, மலையின் அன்னை.

தேரவாத பௌத்தத்தை நிலைநாட்டி, நாட் வழிபாட்டை ஒடுக்கப் பார்த்தவரும் இதே அனவ்ரதாதான். முடியவில்லை. கடைசியில் தெய்வங்களை 37 என்று வரிசைப்படுத்தி, பகானின் ஷ்வேசிகோன் பகோடா வளாகத்துக்குள்ளேயே இடம் கொடுத்தார் என்பார்கள். மன்னரின் தோல்வி என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை; கெட்டிக்காரச் சமரசம். போட்டாதாங் தாத்தா இன்று பகோடா வளாகத்துக்குள் உரிமையோடு உட்கார்ந்திருப்பது அந்தச் சமரசத்தால்தான்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அங்கே பயணம் முன்போல் எளிதல்ல. சாலை நிலவரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மலைக்குச் சிவப்பு, கறுப்பு உடை ஆகாது, இறைச்சி கொண்டுபோகக் கூடாது என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை. இரண்டு இடத்திலும் செருப்போடு காலுறையையும் கழற்ற வேண்டும். படிகளில் குரங்குகள் ஏராளம்; பழம் இருக்கும் பையை மூடியே வைத்திருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்